ஏ6 என்றதும் சிரித்தார்கள்

எதிராளி யாரும் நினைக்காத ஓப்பனிங்கை எடுத்து வைத்ததும் உலக சாம்பியன்களே தடுமாறியிருக்கிறார்கள். தடுமாறாதவர்கள் என்ன செய்தார்கள்?

செஸ் கற்றுக்கொள்ளும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் கையில் கிடைக்கும் ஆயுதம் நாலு நகர்த்தல் மேட்தான். ராணியை எச்5-க்குக் கொண்டுபோக வேண்டும், பிஷப்பை சி4-ல் வைக்க வேண்டும், எஃப்7 சிப்பாயை ராணியால் அடிக்க வேண்டும், கதை முடிந்தது. பெரியப்பா மகனிடம் ஒரு தடவை ஏமாந்த பையன், மறுநாள் பள்ளிக்கூடத்தில் இன்னொருவனை ஏமாற்றுவான். ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்க விஷயம் பரவி, அந்தத் தந்திரம் செத்துப்போகும்.

அந்தச் செத்துப்போன தந்திரத்தை 2005-ல் ஒருவர் கிராண்ட்மாஸ்டர் போட்டிக்கு எடுத்து வந்தார். மால்மோவிலும் கோபன்ஹேகனிலும் நடந்த சிகமன் போட்டி. கறுப்புக் காய்களுடன் சென்னை கிராண்ட்மாஸ்டர் கிருஷ்ணன் சசிகிரண். வெள்ளையில் 17 வயது ஹிகாரு நகமுரா. சில மாதங்களுக்கு முன்புதான் அமெரிக்க சாம்பியன் ஆனவர். நகமுரா இ4 ஆட, சசிகிரண் இ5 ஆடினார். இரண்டாவது நகர்த்தலிலேயே நகமுராவின் ராணி எச்5-ல் வந்து உட்கார்ந்தது. மூன்றாவதில் பிஷப் சி4-க்கு வந்தது. பள்ளிக்கூட மேட் மிரட்டல் அப்படியே!

சசிகிரணின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். 2600-க்கு மேல் ரேட்டிங். எதிரே ஒரு பையன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், குழந்தைகளுக்கான தந்திரத்தை ஆடுகிறான். கோபம் வரும். 'ராணியை இவ்வளவு சீக்கிரம் வெளியே விடக்கூடாது என்பது தெரியாதா? காட்டுகிறேன்' என்று தோன்றும். சசிகிரண் எதையும் காட்டவில்லை. குதிரையை சி6-ல் வைத்தார், ஜி6 ஆடி ராணியை எஃப்3-க்குத் தள்ளினார், இன்னொரு குதிரையை எஃப்6-க்கும் பிஷப்பை ஜி7-க்கும் கொண்டுவந்தார், டி6 ஆடினார். எல்லாமே கோச் முதல் மாதத்தில் சொல்லிக்கொடுக்கும் நகர்த்தல்கள். ஓப்பனிங் முடிந்தபோது நகமுராவின் நிலை ஒன்றும் மோசமாக இல்லை. ஆட்டம் நீண்டது, 87 நகர்த்தல் வரை இழுத்தது. கடைசியில் சசிகிரண் வென்றார்.

அந்த 87-ஐத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். விசித்திரமான ஓப்பனிங் ஆடியவனை இருபது நகர்த்தலில் சுருட்டிவிட வேண்டும் என்று நினைத்திருந்தால், அந்த ஆட்டத்தை சசிகிரண் தோற்றிருக்கவும் கூடும். அப்படி ஒரு சாம்பியனே தோற்றிருக்கிறார்.

சிரிப்புச் சத்தம்

1980, சுவீடனில் ஸ்காரா என்ற ஊர். ஐரோப்பிய அணி சாம்பியன்ஷிப்பில் சோவியத் யூனியனும் இங்கிலாந்தும் மோதின. வெள்ளையில் அனடோலி கார்ப்போவ். ஐந்து வருடங்களாக உலக சாம்பியன். கறுப்பில் டோனி மைல்ஸ். கார்ப்போவ் இ4 ஆடினார். மைல்ஸ் தன் ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார்: ஏ6.

பார்வையாளர்கள் சிரித்தார்கள் என்று மைல்ஸே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அடுத்த நகர்த்தலில் பி5. மையத்தைப் பிடிக்காமல், குதிரையை வெளியே எடுக்காமல், பலகையின் மூலையில் சிப்பாய் தள்ளுகிறார் ஒரு கிராண்ட்மாஸ்டர், அதுவும் உலக சாம்பியனுக்கு எதிராக! மைக்கேல் பாஸ்மன் என்ற இங்கிலாந்து வீரர் இப்படிப்பட்ட கோணங்கி ஓப்பனிங்குகளை விடாப்பிடியாக ஆடிவந்தவர். அவருடைய சரக்கை மைல்ஸ் உலக சாம்பியன் மேலேயே பரிசோதித்துப் பார்த்தார்.

அந்த நிலையை இன்று கம்ப்யூட்டரிடம் கேட்டால் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. வெள்ளைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சாதகம் என்று மட்டும் சொல்லும். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு எதிராளியின் கழுத்தை மெதுவாக நெரிப்பதில் கார்ப்போவைவிடக் கெட்டிக்காரர் அன்றைக்கு உலகத்தில் கிடையாது. ஆனால் அன்று அவர் மெதுவாக ஆடவில்லை. குதிரையை ஜி5-க்கு அனுப்பினார். பிஷப்பை எச்7-ல் வைத்து செக் கொடுத்தார். ராஜா மூலைக்கு நகர்ந்துகொண்டது. பிஷப் வந்த வழியே திரும்பிப் பின்வரிசைக்குப் போனது. மைல்ஸின் ராணி 24-வது நகர்த்தலில் ஒரு சிப்பாயையும் 25-வதில் இன்னொன்றையும் அள்ளியது. கார்ப்போவுக்குத் திரும்பக் கிடைத்தது ஒன்றுதான். 46-வது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. சிரித்தவர்கள் அதற்குள் எழுந்து போயிருந்தால் ஒரு வரலாற்றைத் தவறவிட்டிருப்பார்கள்.

ஏ6 ஆடியதால் கார்ப்போவ் தோற்றார் என்று சொல்லிவிட முடியாது. அவர் தோற்றது இருபது நகர்த்தல்போலக் கழித்து, ஓப்பனிங்கோடு சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில். ஏ6 செய்த வேலை வேறு: 'இதற்குத் தண்டனை கொடுத்தே ஆகவேண்டும்' என்ற கடமையை அது கார்ப்போவின் தலையில் ஏற்றிவைத்தது. எதிர்பாராத ஓப்பனிங்குகளில் பெரும்பாலானவற்றின் பலமே இதுதான் என்பது என் கணிப்பு.

எட்டாவது நகர்த்தலில் மேட்

உலக சாம்பியன் கதையை விட்டுவிட்டு நம் ஊர் ஓப்பன் போட்டிகளுக்கு வருவோம். கல்யாண மண்டபத்திலோ பள்ளி ஆடிட்டோரியத்திலோ வரிசையாகப் பலகைகள். வெளியே தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸுமாகப் பெற்றோர். பேரிங் வந்ததும் பிள்ளைகள் போனில் எதிராளியின் பழைய ஆட்டங்களைத் தேடுகிறார்கள். 'இவன் எப்பவும் சிசிலியன் ஆடுவான்' என்று அரை மணி நேரம் அதையே உருப்போட்டு உள்ளே போனால், எதிராளி வேறு எதையோ ஆடுகிறான்.

இப்படிப்பட்ட ஆட்டங்களில் அடிக்கடி தலைகாட்டும் ஒன்று எங்லண்ட் கேம்பிட். வெள்ளை டி4 ஆட, கறுப்பு உடனே இ5 என்று ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுக்கும். வெள்ளை அதை அடிக்கும். கறுப்புக் குதிரை சி6-க்கு வரும். வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வரும். கறுப்பு ராணி இ7-ல் நிற்கும். கிடைத்த சிப்பாயைக் காப்பாற்ற வெள்ளை பிஷப்பை எஃப்4-ல் வைக்கும். இப்போது கறுப்பு ராணி பி4-க்குப் பாய்ந்து செக் கொடுக்கும். பிஷப் டி2-க்குத் திரும்பி மறைக்கும். ராணி பி2 சிப்பாயைத் தின்னும்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். எதிராளியின் ராணி தன்னந்தனியாக நம் வீட்டுக்குள் வந்து நிற்கிறது. அதை மிரட்டத் தோன்றுமா, தோன்றாதா? பிஷப்பை சி3-ல் வைத்து ராணியைத் தாக்கத்தான் கை துடிக்கும். வைத்ததும் கறுப்பு பிஷப் பி4-ல் வந்து நிற்கும். சி3 பிஷப்பால் இனி ராணியை அடிக்க முடியாது. வெள்ளை ராணி டி2-க்கு வந்து முட்டுக்கொடுக்கும். கறுப்பு சி3-ல் அடிக்கும், வெள்ளை ராணி திருப்பி அடிக்கும், கறுப்பு ராணி சி1-ல் இறங்கும். எட்டாவது நகர்த்தலில் மேட்.

சரியான பதில் என்ன? ஆறாவது நகர்த்தலில் பிஷப்புக்குப் பதில் குதிரையை சி3-க்குக் கொண்டுவருவது. அது ராணியை மிரட்டவில்லை, எதையும் தண்டிக்கவில்லை. ஒரு காயை வெளியே எடுக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெள்ளை கிட்டத்தட்ட ஜெயித்த நிலையில் இருக்கும். தண்டிக்கப் போனால் மேட், காயை வெளியே எடுத்தால் வெற்றி. நகமுராவுக்கு எதிராக சசிகிரண் ஆடியதும் இந்த இரண்டாவது வகைதான். முதல் நகர்த்தலிலேயே ஜி4 ஆடும் குரோப் ஓப்பனிங்கிலும் இதே வலை உண்டு: சும்மா கிடக்கிறதே என்று, டி5 ஆடி வழிதிறந்த பிஷப்பால் ஜி4-ஐ அடித்தால், வெள்ளை சி4 ஆடி, ராணியை பி3-க்குக் கொண்டுவந்து, காவலில்லாத பி7-ஐக் குறிவைக்கும். சி6 என்று ஒரு சாதுவான நகர்த்தல் போதும், அந்தக் கலாட்டா அடங்கிவிடும்.

இன்னொரு வகை

எதிர்பாராத ஓப்பனிங் எல்லாமே கோணங்கித்தனம் என்று நினைத்தால் அதுவும் ஆபத்து. மாதக்கணக்கில் உட்கார்ந்து, உதவியாளர்களும் கம்ப்யூட்டரும் சேர்ந்து தோண்டியெடுத்த ஓப்பனிங்கை எதிராளி உங்களுக்கென்றே வைத்திருக்கலாம். அங்கே பலகையே எதிராளியின் பக்கம் சாய்ந்திருக்கும்.

இதை வாங்கியும் கட்டிக்கொண்டு, பிறகு திருப்பியும் கொடுத்தவர் விஸ்வநாதன் ஆனந்த். 1995-ல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107-வது மாடியில் காஸ்பரோவுடன் உலகப் பட்டத்துக்கான மோதல். முதல் எட்டு ஆட்டங்கள் டிரா. ஒன்பதாவதை ஆனந்த் வென்றார். பத்தாவதில் காஸ்பரோவ் ஓப்பன் ஸ்பானிஷில் யானையையே பலிகொடுக்கும் ஒரு வீட்டுத் தயாரிப்பைக் கொண்டுவந்து வென்றார். பதினொன்றாவதில் கறுப்புக் காய்களுடன் சிசிலியன் டிராகன் ஆடினார். நைடார்ஃபிலும் ஷெவனிங்கனிலும் வாழ்ந்தவர் டிராகனுக்கு வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. அந்த ஆட்டமும் ஆனந்த் கையை விட்டுப் போனது. 13, 14-வது ஆட்டங்களும் போயின. 10.5–7.5 என்று பட்டம் காஸ்பரோவிடமே தங்கியது.

13 வருடம் கழித்து, 2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரம். இப்போது ஆனந்த் உலக சாம்பியன். எதிரே விளாடிமிர் கிராம்னிக். 2000-ல் லண்டனில் பெர்லின் டிஃபென்ஸ் என்ற பழைய சுவரை எழுப்பி, காஸ்பரோவை ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவிடாமல் பட்டத்தைப் பறித்தவர். ஆனந்த் வாழ்நாளெல்லாம் இ4 ஆட்டக்காரர். அதற்கு எதிரான சுவர்களை கிராம்னிக் அணி எவ்வளவு பாடுபட்டுக் கட்டியிருக்கும்! இரண்டாவது ஆட்டத்தில் வெள்ளைக் காய்களுடன் உட்கார்ந்த ஆனந்த் டி4 ஆடினார். அந்தச் சுவர்கள் எல்லாம் ஒரே நகர்த்தலில் வீண். நான்கிலும் ஆறிலும் அதே டி4. ஆறாவதை வென்றார்.

பெரிய அடி விழுந்தது கறுப்பு ஆடிய ஆட்டங்களில். மூன்றாவது ஆட்டத்தில் செமி-ஸ்லாவ் ஓப்பனிங்கின் மெரான் கிளையில், இருபக்கமும் ராஜாக்கள் காற்றாடும் ஒரு காட்டுக்குள் கிராம்னிக்கை இழுத்துப் போனார். 14-வது நகர்த்தலில் பிஷப்பை பி7-ல் வைத்தபோது கிராம்னிக் தெரிந்த நிலத்தை விட்டு வெளியே வந்துவிட்டார். நீண்ட யோசனை, கடிகார நெருக்கடி, 41 நகர்த்தலில் தோல்வி. அமைதியான நிலைகளில் எதிராளியைக் கட்டிப்போடுவதற்குப் பேர்போன ஒருவருக்கு இதைவிடப் பிடிக்காத ஆட்டம் இருக்க முடியாது.

ஐந்தாவது ஆட்டத்தில் கிராம்னிக் மறுபடியும் அதே கிளைக்குள் போனார். இடைப்பட்ட நாட்களில் அவருடைய அணி ஏதோ மருந்து கண்டுபிடித்திருக்க வேண்டும். ஆனால் எதிராளி பிறந்து வளர்ந்த தெருவில் அவனோடு கண்ணாமூச்சி ஆடுவது போன்ற காரியம் அது. ஆனந்த் 15-வது நகர்த்தலில் பழைய வழியை விட்டு, யானையை ஜி8-க்கு நகர்த்தினார். கிராம்னிக்கின் மருந்து வேறு நோய்க்கு ஆகிப்போனது. 29-வது நகர்த்தலில் கிராம்னிக் குதிரையால் ஒரு சிப்பாயை அடித்தார். அதன் ஆழத்தில் இருந்த பொறி அவருக்குத் தெரியவில்லை. 34-வதில் ஆனந்தின் குதிரை இ3-ல் வந்து இறங்கியபோது எல்லாம் விளங்கியது. ஒரு நகர்த்தல் தள்ளி கிராம்னிக் சரணடைந்தார். முதல் ஆறு ஆட்டங்களில் 4.5–1.5, முடிவில் 6.5–4.5. பட்டம் முடிவாகும் பதினொன்றாவது ஆட்டத்தில் ஆனந்த் பழையபடி இ4 ஆடினார் என்பது என்னைப் புன்னகைக்க வைக்கும் விவரம்.

சரி, பலகையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த இரண்டு வகையையும் எப்படிப் பிரித்தறிவது? முதல் தடயம் எதிராளியின் கடிகாரம். வினோதமாக ஒன்றை ஆடிவிட்டு அவரே உட்கார்ந்து யோசிக்கிறார் என்றால், அவரும் அந்தப் பக்கம் புதியவர்தான். படபடவென்று பத்து நகர்த்தல் ஆடிவிட்டு எழுந்து உலாத்தப் போகிறார் என்றால், வீட்டுச் சரக்கு. அப்போது 'மிகச் சிறந்த' நகர்த்தலைத் தேடிப் போவதுகூடப் புத்திசாலித்தனம் இல்லை. மிகச் சிறந்ததற்குத்தான் அவர் பதில் தயாரித்து வந்திருப்பார். இரண்டாவது, மூன்றாவது தரமான, சாதுவான நகர்த்தல் ஒன்று கம்ப்யூட்டரின் பட்டியலில் கீழே கிடக்கும். பலகையில் அதற்குத்தான் மதிப்பு.

சிங்கப்பூர் கடிகாரம்

2024-ல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் முதல் 40 நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம். அதுவரை கூடுதல் விநாடிகள் கிடையாது. இந்த விதியால் ஓப்பனிங் ஆச்சரியம் நேராக நேரத்தைத் தின்றது. முதல் ஆட்டத்தில் குகேஷ் இ4 ஆட, டிங் லிரென் பிரெஞ்சு டிஃபென்ஸ் ஆடினார். ஏழாவது நகர்த்தலுக்கே ஏறக்குறைய அரை மணி நேரம் யோசித்தார் டிங். கடிகாரத்தில் குகேஷ் வெகுதூரம் முன்னால். ஆனால் தயாரிப்பு தீர்ந்த இடத்தில் குகேஷ் தவறவிட்டார். 42 நகர்த்தலில் தோல்வி. அரை மணி நேரத்தைச் செலவழித்து நிலையைப் புரிந்துகொண்டவர் வென்றார். ஆரம்பத்தில் நேரம் செலவழிப்பது எப்போதும் பலவீனம் அல்ல. அந்த நேரத்தில் எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

பதினொன்றாவது ஆட்டத்தில் குகேஷ் குதிரையில் தொடங்கி, சி4 ஆடி, மூன்றாவது நகர்த்தலில் பி4 என்று ஒரு சிறகுச் சிப்பாயை நீட்டினார். டிங் நான்காவது நகர்த்தலுக்கே அரை மணிக்கு மேல் எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை பலன் வேறு மாதிரி. பிறகு குகேஷும் நீண்ட நேரம் யோசிக்க வேண்டி வந்தது. இருவருமே கடிகாரத்தோடு போராடினார்கள். 28-வது நகர்த்தலில் டிங் ராணியைத் தப்பான கட்டத்தில் வைக்க, குகேஷின் ராணி உடனே குதிரையை அடித்தது. டிங் சரணடைந்தார். 5–5 என்றிருந்த கணக்கு 6–5 ஆனது.

ஆச்சரியம் ஆச்சரியப்படுத்தியவரையே அடிப்பதும் உண்டு. 2023-ல் அஸ்தானாவில் நெப்போம்னியாச்சிக்கு எதிராக இரண்டாவது ஆட்டத்தில் இதே டிங் நான்காவது நகர்த்தலில் எச்3 ஆடினார். 29 நகர்த்தலில் தோற்றார். 2010 ஒலிம்பியாடில் மேக்னஸ் கார்ல்சன், மைக்கேல் ஆடம்ஸின் இ4-க்கு ஜி6, அடுத்து குதிரை எஃப்6 என்று விரட்டப்படுவதற்கென்றே குதிரையை நிறுத்தினார். ஆடம்ஸ் நிதானமாக அவரை வீழ்த்தினார்.

எல்லாம் சரியாகச் செய்தும் தோற்பது தனி ரகம். 1972 ரெய்க்யாவிக், உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டம். இ4 தவிர வேறெதையும் மதிக்காத பாபி ஃபிஷர் சி4-ல் தொடங்கி, ராணிச் சிப்பாய் ஓப்பனிங்குக்குப் போனார். எதிரே இருந்த உலக சாம்பியன் ஸ்பாஸ்கி பதறவில்லை, தண்டிக்கப் போகவில்லை. தனக்கு நன்கு பழகிய டார்டகோவர் டிஃபென்ஸையே ஆடினார். ஃபிஷர் அதற்கு மேல் அற்புதமாக ஆடிவிட்டார். முடிந்ததும் கூட்டத்தோடு சேர்ந்து ஸ்பாஸ்கியும் கைதட்டினார்.

தண்டிக்கப் போகாமல் சாதுவாக ஆடுவதே நல்லது என்று மேலே சொன்னேன். அதைக் கேட்காமல் ஜெயித்த ஒருவரையும் சொல்லிவிட வேண்டும். 1918, நியூயார்க். ஸ்பானிஷ் ஓப்பனிங்கில் ஃபிராங்க் மார்ஷல் எட்டாவது நகர்த்தலில் டி5 ஆடி, ஒரு சிப்பாயைக் கொடுத்துத் தாக்க வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த கேபாபிளாங்காவுக்காகவே வருடக்கணக்கில் அதை ஒளித்துவைத்திருந்தார் என்று கதை. அவர் அதை முன்பே ஆடியிருக்கிறார் என்பதால் கதையை முழுசாக நம்ப வேண்டியதில்லை. எதிரே இருப்பது வீட்டுத் தயாரிப்பு என்று கேபாபிளாங்காவுக்குத் தெரிந்தது. தெரிந்தும், தன் திறமைக்கு விடப்பட்ட சவால் என்று சிப்பாயை எடுத்ததாகப் பிற்பாடு எழுதியிருக்கிறார். தாக்குதல் முழுவதையும் பலகையிலேயே கணக்கிட்டுத் தடுத்து, 36 நகர்த்தலில் வென்றார். அந்த அளவு கணக்குத் திறமை உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரையின் அறிவுரை எதுவும் தேவையில்லை.

தோற்ற ஓப்பனிங் தோற்றதோடு போகவில்லை. 1965-ல் ஸ்பாஸ்கி அதை முன்னாள் உலக சாம்பியன் தாலுக்கு எதிராகவே ஆடினார். இன்றைக்கு மார்ஷல் அட்டாக் கறுப்பின் மிக நம்பகமான ஆயுதங்களில் ஒன்று. முன்னணி வீரர்கள் பலர் வெள்ளைக் காய்களுடன் அதற்குள் நுழையவே யோசித்து, எட்டாவது நகர்த்தலிலேயே எச்3 என்றோ ஏ4 என்றோ விலகிக்கொள்கிறார்கள். அந்த விலகலுக்கு ஆன்டி-மார்ஷல் என்று பெயர் வைத்து, இப்போது அதற்கும் பக்கம் பக்கமாகத் தியரி இருக்கிறது.